வாலுக்குள் போட்ட சுழி

அந்த விமானம் மழையில் இறங்கும்போது ஓடுதளம் முடிந்தும் நிற்காமல் போய்ச் சேற்றில் வயிறு பதிய உட்கார்ந்துவிட்டது. பட்டாளத்துச் சாமான் விமானம். பெரிய யுத்தம் முடிந்தபிறகு செய்த மாடல், பானை வயிறு, இரண்டு எஞ்சின். உள்ளே இருந்தவர்களில் இரண்டு சிப்பாய்களுக்குக் கை ஒடிந்ததோடு சரி. ஆனால் சக்கரம் மடங்கி, வால் முறுக்கிக்கொண்டது. அதைப் பம்பாய் சாந்தாகுரூஸில் ஒரு ஷெட்டுக்குள் இழுத்து வந்து, தகடு வேலைக்கு எங்கள் தாராவி ஆட்களைக் காண்ட்ராக்டில் எடுத்தார்கள். அப்படித்தான் என் அண்ணனும் நானும் அங்கே போனோம்.

தகட்டோடு தகட்டைச் சேர்க்கும் ரிவிட் ஆணி அடிப்பது இரண்டு பேர் வேலை. அண்ணன் வெளியே நின்று காற்றில் ஓடும் ரிவிட் துப்பாக்கியால் அடிப்பான். நான் வாலுக்குள் படுத்து, ரிவிட்டின் மறுமுனையில் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிப்பேன். அடி விழ விழ முனை நசுங்கித் தகட்டைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் தகடு இருப்பதால் ஒருத்தன் முகம் ஒருத்தனுக்குத் தெரியாது. சத்தத்தில் பேச்சும் கேட்காது. தட்டுவதுதான் பேச்சு. நான் ஒரு தட்டு தட்டினால் சரி. இரண்டு என்றால் இன்னும் அடி. மூன்று என்றால் கெட்டுப்போச்சு, தோண்டி எடு. சாப்பாட்டு நேரம் வந்தால் அண்ணன் வெளியிலிருந்து மேளம் மாதிரி அடிப்பான்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். தமிழில் தடுமாறாமல் எழுதுவது பிள்ளையார் சுழி ஒன்றுதான். ஒவ்வொரு புதுத் தகட்டிலும் முதல் ரிவிட்டுக்கு முன்னால் உள்பக்க மூலையில் ஒரு சுழி போட்டுவிடுவேன். பென்சிலில் போட்டால் வேர்வைக் கை பட்டு அழிந்துவிடும். அதனால் ஆணியால் கீறினேன். வெளியே நின்ற அண்ணனுக்கு இது தெரியாது.

பன்னிரண்டு தகடு முடித்தோம். பிறகு அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. சயான் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தான். பத்தாம் நாள் இல்லை.

பதினாறு கழிந்து நான் வேலைக்குத் திரும்பிய வாரம், பெயிண்ட் அடிக்கும் முன்னால் பார்க்க இன்ஸ்பெக்டர் வந்தார். மராட்டியர், மெலிந்த ஆள். டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக வாலுக்குள் ஊர்ந்து போனவர் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்ததும் ரிஜிஸ்டரைக் கேட்டார். பன்னிரண்டு தகட்டுக்கும் நேராக அண்ணன் பேர்தான் இருந்தது.

"யே ஆத்மி கிதர் ஹை?" என்றார், இந்த ஆள் எங்கே என்று.

"குசர் கயா, சாப்," என்றார் எங்கள் மேஸ்திரி அண்ணாச்சி, செத்துப்போனான் என்று.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, தகட்டைக் கீறி வைக்கிறவன் ரிவிட்டை எப்படி அடித்திருப்பானோ நம்ப முடியாது, பன்னிரண்டையும் பிரித்துப் போடு என்று சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து காதோரமாகச் சொன்னார்: "வாய மூடிக்கிட்டு நில்லுல. ஒன் பேரு வெளிய வந்தா இன்னைக்கே கேட்டுக்கு வெளிய நிப்ப. போனவன வேலைய விட்டா தூக்கப் போறானுவ?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அண்ணன் இந்த உலகத்தில் விட்டுப்போனது அந்தப் பன்னிரண்டு தகடுதான். அதையும் கெட்ட வேலை என்று உரித்துப் பழைய இரும்புக்காரனுக்குப் போடுவார்கள். என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை.

"மைனே கியா, சாப். பாய்கோ மாலும் நஹி தா. வோ கண்பதிகா நிஷான் ஹை," என்றேன், கீறினது நான்தான், அண்ணனுக்குத் தெரியாது, அது பிள்ளையார் சுழி என்று.

"சவத்தெழவு, கேக்கானா பாரு," என்று அண்ணாச்சி முனகினார்.

இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கணபதி உன்னிடம் ஆணி கேட்டாரா என்று இந்தியில் கேட்டார். நான் பையிலிருந்த ஆணியை எடுத்து நீட்டினேன். அவர் கீழே கிடந்த வேண்டாத தகடு ஒன்றை எடுத்து, என் ஆணியாலேயே கோடு இழுத்து, முன்னும் பின்னும் மடக்கினார். ஏழெட்டு மடக்கில் கோட்டோடு கோடாகப் பிளந்தது. ஆகாயத்தில் வால் நடுங்கிக்கொண்டே இருக்கும், கீறல் இருந்தால் அங்கேதான் முதலில் வாய் திறக்கும் என்றார். சாமி பேரைச் சொல்லி எத்தனை பேரைக் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அவர் மறுபடி உள்ளே போனார். ஒவ்வொரு கீறலையும் அளந்தார், ரிவிட்டையும் ஒன்று விடாமல் பார்த்தார். மூன்று தகட்டில் ஆழம், அதைக் கழற்ற வேண்டும். ஒன்பதில் மேலோட்டம், நைசான உப்புத்தாளால் தேய்த்து எடுத்தால் போதும். தேய்க்க வேண்டியது நான். தண்டனையாக இரும்புக் கட்டையை இரண்டு வாரம் தொடக்கூடாது. வெளியே வந்து கை துடைக்கும்போது, "ரிவிட் அச்சா மாரா ஹை, தேரா பாய்," என்றார், உன் அண்ணன் ரிவிட் நன்றாக அடித்திருக்கிறான் என்று.

நாலு நாள் வாலுக்குள் படுத்து என் சுழிகளை நானே அழித்தேன். நசுங்கிய முனைகள் வரிசையாக என் மூக்குக்கு நேராக இருந்தன, எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொன்றிலும் வெளித்தலை அவன், உள்முனை நான். அழுதேன். அங்கே யாரும் பார்க்கவில்லை. அழுதது நன்றாகவும் இருந்தது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன்.

"சாமிய அழிச்சியால?"

"அழிக்கச் சொல்லிட்டாங்கம்மா."

"அப்ப அவன் செஞ்சது?"

"மூணு போச்சு. ஒம்பது இருக்கு."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "ஒம்பது நெறைய இருக்குல்லா," என்றாள். மறுநாள் அண்ணனுடைய தூக்குச்சட்டியில் எனக்குச் சோறு வைத்தாள். என்னுடையதைவிடப் பெரிய சட்டி. அதன்பிறகு தினமும் அதுதான்.

மழை முடிந்து விமானம் மேலே போனது. நாங்கள் ஷெட் வாசலில் நின்றோம். மாஹிம் பக்கம் திரும்பி, கடலுக்கு மேல் சுற்றி, அரைமணி நேரத்தில் இறங்கியது. இன்ஸ்பெக்டரும் அதில்தான் போயிருந்தார். படியில் இறங்கி, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

எல்லாரும் முன்பக்கம் எஞ்சினைப் பார்க்கப் போனார்கள். நான் பின்பக்கம் போனேன். ஒன்பது தகட்டிலும் ஒரு ரிவிட்கூட அசையவில்லை. அண்ணன் நின்று அடித்த அதே இடத்தில் நின்று, விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினேன்.

"அங்க என்னல தட்டுத?" என்றார் அண்ணாச்சி.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சரியா இருக்கு."

"அத அவரு சொல்லியாச்சுல்லா. வா, சாயா ஆறுது."