கிணற்றுக் கொப்பியில் ஐந்து நாள்

வாசிகசாலை ஆண்டு மலருக்கு என் தம்பி முத்துக்குமாருவைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். பௌதிகத்தைக் கணக்கு வழியாகப் படிக்க விரும்பும் மாணவர்களுக்கு அவன் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். கொழும்பிலிருந்து அவன் எழுதிய பதில் இரண்டு வரி: “எனக்குக் கிடைத்த புத்தி ஒன்றுதான். அது எங்கள் கிணற்றடியில் கிடைத்தது, அக்காவே எழுதட்டும்.”

நான் ஐந்தாம் வகுப்புடன் நின்றவள். ஆனால் நாங்கள் கிணற்று நீரை அளந்து எழுதிய கொப்பி என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்தே எழுதுகிறேன்.

அது 1936ஆம் ஆண்டு. தம்பிக்குப் பத்தொன்பது வயது. வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல் நடத்தும் தண்டையலாக இருந்த ஐயா அதற்கு இரண்டு ஆண்டு முன்பு காலமானார். அம்மா அதற்கும் முன்பே போய்விட்டார். வீட்டுப் பொறுப்பு என்னிடம். தம்பியின் எதிர்காலம் முருகேசு மாமாவிடம். மாமா அவனை அரசாங்க எழுத்தர் வேலைக்கான கிளறிக்கல் சோதனைக்கு அனுப்ப விரும்பினார். தம்பிக்கோ கணிதச் சிறப்பு வகுப்பில் சேர்ந்து, பிறகு பௌதிகத்தில் தாளும் பேனாவுமாக வேலை செய்ய வேண்டும்.

“கடதாசியிலை மட்டும் பௌதிகமோ? அதென்னடா, சமைக்காமல் சாப்பிடுற மாதிரியோ?” என்று மாமா கேட்டார்.

“இல்லை மாமா. எவ்வளவு உப்பு வேணுமெண்டு அடுப்பு மூட்ட முந்திச் சொல்லுற மாதிரி.”

“அதை உன்ரை அக்காவும் சொல்லுவா. அவவுக்கு ஆர் சம்பளம் குடுக்கினம்?”

தம்பி கொழும்பில் அந்த வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கும் திரு. லயனலுக்குக் கடிதம் எழுதிப் புத்தி கேட்டான். பதில் வந்தது. “பெரிய கேள்விகளை இப்போது விட்டுவிடும். உம்முடைய வளவுக்குள் இருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்ளும். அளப்பதற்கு முன் இலக்கத்தைக் கடதாசியில் எழுதிவையும். பிறகு அளந்து, இரண்டையும் இம்மாத முடிவுக்குள் அனுப்பும். பொருந்தாததை மறைக்க வேண்டாம். அதைப் பார்த்தே உமக்கு இடம் உண்டா என்று சொல்வேன்.” இடம் இல்லையென்றால் கிளறிக்கல் என்று மாமா முடிவாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் கிணறு கடற்கரையிலிருந்து இருநூற்றுப் பத்துக் கெஜ தூரத்தில் இருக்கிறது. தம்பி இருநூற்றெட்டு என்றான்; கயிறு பிடித்து மறுபடி அளந்தபோது இருநூற்றுப் பத்துத்தான். கடல் பெருகும்போது கிணற்று நீரும் ஏறும், வற்றும்போது இறங்கும். ஆனால் கல்லுக்குள்ளால் வருவதால் பிந்தியும் குறைந்தும் வரும். எவ்வளவு பிந்துகிறது என்று தெரிந்தால், எவ்வளவு ஏறும் என்பதைக் கிணற்றை எட்டிப் பார்க்காமலே சொல்லலாம் என்றான் தம்பி. இரண்டு தாள் நிறையக் கணக்குப் போட்டான். எங்கள் கிணறு கடலுக்கு இரண்டு மணி நேரம் பிந்துவதை முதலில் பார்த்துக்கொண்டான். அப்படியானால் கடல் ஏறுவதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இங்கே ஏற வேண்டும் என்று எழுதி, தாளை மடித்து ஐயாவின் பெட்டிக்குள் வைத்தான்.

கடலில் ஒரு பனஞ் சலாகையை நட்டு அவன் பார்த்தான். கிணற்றுக்குள் அங்குலம் குறித்த கமுகஞ் சலாகையைக் கட்டி நான் பார்த்தேன். விடியலிலிருந்து பொழுதுபடும்வரை அரை மணிக்கு ஒருமுறை. முதல் பதினொரு நாளும் கணக்குச் சரியாக வந்தது. ஆடி அமாவாசையன்று கடல் மிகுதியாக ஏறும். அதுதான் உண்மையான சோதனை என்றான். அன்று பிதிர்க்கடனுக்கு நீராட வந்த ஒருவர் தமது சால்வையை அவனுடைய சலாகையிலேயே தொங்கவிட்டாராம். தம்பி கழுத்தளவுத் தண்ணீரில் நின்று அவருடன் வாதாடிவிட்டு வந்தான்.

அன்று கடல் இருபது அங்குலம் ஏறியது. கிணறு ஏழேகால் ஏறியிருக்க வேண்டும். என் கொப்பியில் மூன்றரை என்று இருந்தது.

இரண்டு நாள் கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூன்றாம் நாள் பேனாவை மூடினான். தபாலில் சேர்க்க இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.

“என்ரை கணக்குப் பிழை அக்கா. மாமாட்டைச் சொல்லு, நான் கிளறிக்கலுக்கே எழுதுறன்.”

பிழை கணக்கில் இல்லை என்பது எனக்குத் தெரியும். அமாவாசையோடு சேர்ந்த ஐந்து நாளும் எனக்கு மாதத் துடக்கு. அந்த நாட்களில் பெண்கள் கிணற்றடிக்குப் போவதில்லை. பக்கத்து வீட்டு இராசமலர்ச் சின்னம்மாதான் தண்ணீர் அள்ளிச் சமைத்தும் தந்தார். அவருக்கு எழுத்தும் இலக்கமும் தெரியாது. ஐயாவின் கப்பல் கொப்பியில் ஒரு நாள்கூட வெறுமையாக இருந்ததில்லை. என் கொப்பியும் அப்படி இருக்க வேண்டும் என்று, அவற்றுக்கு முந்திய நாள் இலக்கங்களையே ஐந்து நாளுக்கும் எழுதிவிட்டேன். ஓரிரு அங்குலத்தில் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன்.

“அந்த ஐஞ்சு நாளும் நான் கிணத்தடிக்குப் போகேல்லை” என்றேன்.

“ஏன்?”

“சின்னம்மா எல்லோ சமைச்சவ.”

அவன் சுவரைப் பார்த்தான். இப்படியான நாட்களைக் கண்டும் காணாததுபோல் இருப்பது எங்கள் வீட்டு ஆண்களின் வழக்கம்.

“மற்ற நாளெல்லாம்?”

“என்ரை கண்ணாலை பாத்தது.”

கொப்பியை எடுத்து அந்த ஐந்து நாளையும் விரித்தான். பிறகு, “பிழை என்னிலையும் இருக்கு. ஆர் சமைக்கினமெண்டு கண்டனான்தானே. கேட்டிருக்கலாம்” என்றான்.

“அந்த ஐஞ்சிலையும் சரியான கணக்கைத் திருத்தி எழுதட்டே? கொப்பியும் வடிவாயிருக்கும்.”

“அக்கா! அப்பிடி எழுதிறதெண்டால் கிணறு என்னத்துக்கு?”

எனக்குச் சிரிப்பு வந்தது, அவனுக்கு வரவில்லை. அந்த ஐந்து நாளையும் ஒவ்வொரு கோடாக வெட்டினான். கீழே உள்ள இலக்கம் தெரியும்படியே வெட்டினான். பக்கத்தில், “இவை அளந்தவை அல்ல” என்று எழுதினான். காரணம் எழுத வேண்டாம் என்றேன்; எழுதவில்லை. முக்கியமான நாளில் சோதனையே இல்லாத கொப்பி கொழும்புக்குப் போனது.

நான்கு கிழமைக்குப் பிறகு பதிலுடன் கொப்பியும் திரும்பி வந்தது. “வெட்டிய ஐந்து நாளைத்தான் முதலில் பார்த்தேன். உமது கணக்குப் புதியதல்ல. வெயிலின் சூடு நிலத்துக்குள் இறங்குவதற்கு இதே கணக்கை எப்போதோ போட்டிருக்கிறார்கள். ஆனாலும் வாரும். அளக்காததை அளக்கவில்லை என்று எழுதுகிறவருக்கு மற்றதைப் படிப்பிக்கலாம்.”

தான் கண்டுபிடித்ததாக நினைத்தது பழைய கணக்கு என்றதும் தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. இடம் கிடைத்த சந்தோசம் வர இரண்டு நாள் சென்றது.

“புதுசுமில்லை, முழுசுமில்லை. அதுக்கு இடமும் குடுக்கிறாங்களோ?” என்றார் மாமா. ஆனாலும் கொடிகாமம் ஸ்ரேசன்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான்.

தம்பி இப்போது கொழும்பில் படிப்பிக்கிறான். இரண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகள் அச்சாகியிருக்கின்றன. இரண்டாவதில் இருந்த ஒரு பிழையை வேறு யாரும் காணும் முன் அவனே எழுதித் திருத்தினான். கட்டுரையும் திருத்தமும் ஒரே உறையில் வந்தன. இரண்டையும் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.

அவன் போன பிறகு வந்த பூரணையன்று மாமா தாமாகவே கடலுக்குள் இறங்கிச் சலாகையைப் பார்த்தார்.

“இருபத்தொண்டு எண்டு எழுது. உன்ரை கிணறு என்ன சொல்லுது?” என்று வாசற் படலையடியில் நின்று கேட்டார்.

கிணறு ஏழே முக்கால் அங்குலம் ஏறியிருந்தது. அதை எழுதி அன்றே கொழும்புக்கு அனுப்பினேன். தொடர்ந்து அளந்தேன்; அடுத்த பக்கத்தில், நான் கிணற்றடிக்குப் போகாத ஐந்து நாள் வெறுமையாக இருக்கிறது. அவற்றுக்கு எதிரே நான் எதையும் எழுதவில்லை.