எண்ணிக்கை பூஜ்யமாகும் வரை

ஆபீசில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். கிராபிக்ஸ் கார்டுக்கு டிரைவர் எழுதுவது அவள் வேலை; கம்ப்யூட்டர் வரையச் சொல்வதைக் கார்டிடம் கொண்டு சேர்க்கும் புரோகிராம் அது. வாய்க்கு வேலை இல்லாததால் அவளுக்குப் பிடித்திருந்தது.

அவள் எழுதிய பகுதியால் வாடிக்கையாளர்களின் திரைகள் எப்போதாவது கோடுகோடாகி உறைந்துபோயின. விண்டோவை மூடியதும் அந்தப் படம் இருந்த மெமரி காலியாகிவிடும். கார்டோ அதை இன்னும் வரைந்துகொண்டிருக்கும். அதற்குள் அந்த இடத்தில் வேறொன்று குடிவந்துவிடும்.

"கொஞ்ச நேரம் விட்டுக் காலி பண்ணும்மா, முடிஞ்சுது," என்றார் மேனேஜர்.

"எவ்வளவு நேரம் சார்?"

"குத்துமதிப்பா போடேன்."

"கார்டு எப்ப முடிக்கும்னு நமக்குத் தெரியாதே சார்."

வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வாடிக்கையாளர்களிடம் போனில் பேசும் பிரிவுக்கு மாற்றிவிடுவேன் என்றார் அவர்.

வீட்டில் கணவன் சிரித்தான். "நல்லதாப் போச்சு. அங்க பேசிப் பழகினா இங்கயும் ரெண்டு வார்த்தை விழும்." அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மெமரியின் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண்ணிக்கை வைத்தாள். கார்டிடம் வேலையைக் கொடுக்கும் முன்பே அது ஒன்று கூடும். கார்டு முடித்ததும் ஒன்று குறையும். விண்டோ மூடினாலும் பூஜ்யமாகும் வரை மெமரி காலியாகாது.

கோடுகள் நின்றன. ஆனால் வியாழக்கிழமை மாலைக்குள் சோதனைக் கம்ப்யூட்டர் மெமரி நிரம்பி மூச்சுத் திணறியது.

"முன்னாடி அவசரக்குடுக்கையா இருந்துச்சு, இப்ப உடும்புப்பிடி பிடிக்குது," என்றான் பக்கத்து நாற்காலிக்காரன். "உங்க குணமேதான்க்கா."

புரோகிராமில் வேலை ஒழுங்காக முடியும் வழிகளை அவள் ஏற்கெனவே பார்த்தாயிற்று. முடியாத வழிகளைப் படிக்கத் தொடங்கினாள். கார்டு வேலையை ஏற்க மறுத்தால் புரோகிராம் பாதியில் திரும்பிவிடுகிறது. கூட்டிய ஒன்றை யாரும் குறைப்பதில்லை; அந்தத் துண்டு காலியாவதே இல்லை. அவளே எழுதியதுதான். திரும்பும் இடத்தில் அந்த ஒன்றைக் குறைக்கும் ஒரு வரி சேர்த்தாள்.

வெள்ளிக்கிழமை பகல் முழுக்கச் சோதனைக் கம்ப்யூட்டர் விண்டோக்களைத் திறந்து திறந்து மூடியது. திரையில் கோடு விழவில்லை, மெமரியும் நிரம்பவில்லை.

மேனேஜர் வந்து பார்த்தார். "போன் வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"சரி சார்."

"அவ்வளவுதானா? ஒரு சந்தோஷம்கூடக் கிடையாதாம்மா?"

புரோகிராம் இதேபோல் பாதியில் திரும்பும் அடுத்த இடத்தை அவள் தேடிக்கொண்டிருந்தாள்.