சுருட்டு நாறும் கூண்டு வண்டி

வாடகைக்குக் கூண்டு வண்டி ஓட்டுகிறவனுக்குச் சக்கரம் உடைந்தால் ஆசாரி இருக்கிறார், மாடு படுத்தால் வைத்தியர் இருக்கிறார், வண்டிக்குள் சுருட்டு நாற்றம் புகுந்துவிட்டால் ஒருவரும் இல்லை. என்னைப் போல வண்டி கட்டிப் பிழைக்கும் அண்ணன் தம்பிமார்களுக்கு இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. சின்னமனூரிலிருந்து ஒரு பக்கம் தேனிக்கும் மறு பக்கம் கூடலூருக்குமாக இருபது வருஷமாய் ஓட்டுகிறேன். நான் சுருட்டுப் பிடிக்கிறவன் இல்லை. ஏறுகிறவர்கள் பிடிக்கிறார்கள். மலைமேல் அணை வேலை தொடங்கியதிலிருந்து ஏறுகிறவர்களும் கூடிவிட்டார்கள், சுருட்டும் கூடிவிட்டது.

சம்பந்தி போட்ட நிபந்தனை

என் ஒரே மகள் செல்லம்மாளைக் கூடலூரில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அவளுக்குத் தலைப்பிரசவம். வைகாசியில் ஏழாம் மாதம், ஒரு வியாழக்கிழமை வளைகாப்பு, அன்றே நான் வண்டியில் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும் என்று பேச்சு. அன்று விட்டால் எட்டாம் மாதம் அனுப்ப மாட்டார்கள், ஒன்பதாம் மாதத்தில் அந்த ரோட்டுக் குலுக்கலை நினைக்கவே முடியாது. என் பிள்ளை தாய் பக்கத்தில் இல்லாமல் அங்கேயே பெற்றுக்கொள்ள வேண்டியதுதான். என் மனைவிக்கு இதை நினைத்துத் தூக்கமே இல்லை.

பங்குனிக் கடைசியில் அவளைப் பார்க்கப் போனபோது, சம்பந்தியம்மா வண்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். செல்லம்மாளுக்கு மசக்கை இன்னும் விடவில்லை, தாளிக்கிற வாசம் பட்டாலே ஓடுகிறாள் என்றார். வேறு வண்டி பிடிக்கலாமே என்பீர்கள். இந்தப் பக்கம் சுருட்டு நாறாத வாடகை வண்டி ஒன்று இருந்தால் எனக்கும் காட்டுங்கள். சம்பந்தியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னது இதுதான்: “கோவிச்சுக்கிறாதீக சம்பந்தி. இந்த நாத்தத்தோட வந்தீகன்னா, வெறும் வண்டியத்தான் திருப்பி ஓட்டிட்டுப் போவீக.”

ரைட்டர் அய்யாவின் மூக்கு

திரும்பி வந்த மறுநாளே வண்டியை ஆற்றில் இறக்கிச் சாணித் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். சாம்பல் போட்டு இன்னொரு முறை தேய்த்தேன். காய்ந்ததும் பரவாயில்லை போலத்தான் இருந்தது. அன்றைக்கென்று தேனியில் அணை வேலைக் கச்சேரியில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவர் ஏறினார். புழுதி வருகிறது என்று முன்னும் பின்னும் படுதாவை இறக்கிவிட்டு, திருச்சிச் சுருட்டு ஒன்றைப் பற்ற வைத்தார். அது முடியுமுன் இன்னொன்று. ஜமுக்காளத்தில் விழுந்த சாம்பலை உத்தமபாளையத்தில் ஒரு முறையும் கம்பத்தில் ஒரு முறையும் என் தலைத்துண்டை அவிழ்த்துத் தட்டிவிட்டேன். எங்கள் தொழிலில் தலைத்துண்டுதான் விசிறி, துடைப்பம், விரிப்பு எல்லாம்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஏறினவர் எசமான். அவர் சுருட்டைப் பிடிப்பார், நாம் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்க வேண்டும். கூடலூரில் இறங்கியவர் கையிலிருந்த துண்டுச் சுருட்டை எறிந்துவிட்டு, மூக்கைச் சுளித்து என்னிடம் சொன்னார்: “ஏம்ப்பா, வண்டியா இது? எவனோ மட்டச் சுருட்டுப் பிடிச்சு நாறடிச்சிருக்கான். நல்ல மனுசன் ஏறுறதில்லையா?”

மாடு திருப்பிய முகம்

வாசம் மரத்தில் இல்லை, மெத்தையாகப் போட்டிருக்கும் வைக்கோலில்தான் இருக்கிறது என்று அடுத்து எனக்குத் தோன்றியது. ஜமுக்காளத்தை உருவி வெளுக்கப் போட்டேன். வைக்கோலை மொத்தமாக வாரி, வீணாகப் போவானேன் என்று மாடுகளுக்கு முன்னால் கொட்டினேன். செவலை ஒரு தரம் மோந்து பார்த்துப் பெருமூச்சு விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மயிலை கிட்டவே வரவில்லை. பஞ்ச காலத்தில் கூரை ஓலையைத் தின்ற மாடுகள் இவை.

அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி வெளியே வந்தாள். அவளுக்குக் கோபமா அழுகையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. “வாயில்லாச் சீவனுக்கே ஆகல. இதுலயா எம் பிள்ளைய ஒக்கார வச்சுக் கூட்டியாருவீக?”

வீரபாண்டிக்கு நடந்த குடும்பம்

புது வைக்கோல் போட்டேன். கூண்டுப் பாயைப் பிரித்து வெயிலில் எட்டு நாள் போட்டுக் கட்டினேன். சித்திரைத் திருவிழாவுக்குப் போடியிலிருந்து ஒரு ஏலக்காய் வியாபாரி தம் குடும்பத்தை வீரபாண்டிக்கு அழைத்துப்போகக் கேட்டார். அவர் மனைவிக்குத் தீச்சட்டி எடுக்கிற நேர்த்திக்கடன். விரதத்தில் இருந்த அந்த அம்மாள் ஒரு காலை வண்டியில் வைத்தார், உடனே இறக்கிக்கொண்டார். விரதத்தோடு இந்த வாசத்தில் உட்கார மாட்டேன், நடந்தே வருகிறேன் என்றுவிட்டார். அம்மா நடக்கையில் நாங்கள் எப்படி உட்காருவது என்று பிள்ளைகள் இரண்டும் இறங்கின. பிறகு வியாபாரியும் இறங்கினார். அத்தனை பேர் நடக்கும்போது நான் மட்டும் மேலே இருந்தால் நன்றாகவா இருக்கும்? நானும் இறங்கினேன்.

வெறும் வண்டி முன்னால் போக, ஐந்து பேரும் பின்னால் நடந்தோம். எதிரே வந்தவர்கள் எல்லாம் வண்டிக்குள் யாரோ பெரிய மனிதர் இருப்பதாக எண்ணி ஒதுங்கி வழிவிட்டார்கள். கோயில் வாசலில் வியாபாரி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்: “எங்க வீட்ல வருசத்துக்கு ஒரு நா தீச்சட்டி எடுக்காக. நீ தெனமும் தூக்கிட்டுத் திரியிற போல.”

உபதேசியார் தந்த பொட்டலம்

வளைகாப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது, கிறிஸ்தவர்களின் வேதக்கோயில் உபதேசியார் ஒருவர் கம்பத்துக்குப் போக ஏறினார். சவரிமுத்து என்று பெயர். சுருட்டும் இல்லை, மூக்குப்பொடியும் இல்லை, எனக்கே ஆச்சரியம். போகிற வழியில் என் பாட்டை எல்லாம் அவரிடம் கொட்டிவிட்டேன். மனிதர் பொறுமையாகக் கேட்டார். இறங்கும்போது மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். கோயில் தூபத்துக்கு வாங்கிய உசந்த சாம்பிராணியாம்.

இதைப் போட்டால் நாற்றம் போய்விடுமா என்று கேட்டேன். அவர் சொன்னார்: “பாவத்துக்குப் பரிகாரம் எங்ககிட்ட உண்டு, வண்டிக்காரரே. சுருட்டுக்கு இது கேக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.”

வளைகாப்பு நாள்

ஒரு சிட்டிகை போடச் சொல்லித்தான் கொடுத்திருப்பார். நான் பொட்டலம் முழுவதையும் போட்டேன். படுதாவை இறக்கிக் கட்டி, உள்ளே நெருப்புச் சட்டி வைத்து, மூன்று நாள் மூட்டம் போட்டேன். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பலகையைத் துடைத்தேன். வேப்பிலைக் கொத்தை நாலு மூலையிலும் செருகினேன். கூடலூரில் போய் நின்றபோது சம்பந்தியம்மா தலையை உள்ளே விட்டார், இழுத்து மோந்தார், கோயில் மாதிரி இருக்கிறதே என்று சிரித்தார். ஒன்றரை மாதத்தில் அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

கை நிறைய வளையலோடு செல்லம்மாள் ஏறி உட்கார்ந்தாள். செவலை நாலு எட்டு வைக்கவில்லை, “நிறுத்துங்கய்யா” என்றாள். இறங்கி வேலியோரம் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிவிட்டு மறுபடி ஏற்றினோம், மறுபடி அதே கதை. சாம்பிராணிதான் அவளுக்கு ஆகவில்லை. நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சமே இருந்தது. சம்பந்தியம்மா செல்லம்மாளின் மூட்டையை வண்டியிலிருந்து கீழே இறக்கி வைத்தார். வீட்டு வாசலில் என் மனைவி காத்துக்கொண்டிருப்பாள். மாட்டின் மேல் சாய்ந்து நின்றுவிட்டேன்.

“அய்யா, அந்தத் துண்டக் கொஞ்சம் குடுங்க” என்றாள் செல்லம்மாள். முகம் துடைக்கக் கேட்கிறாள் என்று தலையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தேன். அவள் அதை இரண்டாக மடித்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மூட்டையைத் தானே எடுத்து வைத்து, வண்டியில் ஏறிச் சாய்ந்துகொண்டாள். வாந்தி வரவில்லை. சம்பந்தியம்மா பதறிப்போய், சுருட்டு நாறும் துண்டு அது, எடு என்றார். துணிக்கு உள்ளிருந்து மகள் பதில் சொன்னாள்: “இது நாத்தம் இல்லத்தே, இதுதான் எங்கய்யா வாசம். நான் பொறந்ததுல இருந்து இப்படித்தான் வீட்டுக்கு வருவாக.” ஒரு சுருட்டைக்கூட வாயில் வைத்தறியாத எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. சம்பந்தியம்மா கிட்டே வந்து என் தோள் பக்கமாக ஒரு முறை மோந்து பார்த்தார். அப்புறம் வழிவிட்டு ஒதுங்கி நின்று சொன்னார்: “இதுதானா சங்கதி? நீங்க வண்டியப் போட்டுத் தேச்சதுக்குப் பதிலா உங்களத் தேச்சிருக்கணும். சரி, நேரத்தோட கெளம்புங்க.”

ஒன்றரை மாதம் வண்டியில் தேய்க்காத இடமில்லை, ஆனாலும் இந்தத் தொழிலில் நான் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம் அந்தத் துண்டை வெளுக்கப் போட மறந்ததுதான்.