நான் திருத்திய காந்தாரம்

ஏழெட்டு வருடங்களுக்கு முன், அதியமான்கோட்டையில் என் வீட்டு மாடியில் வயலின் வகுப்பு நடத்த ஆரம்பித்திருந்த சமயம் அது. கைதவறி விழுந்து என் செல்போன் திரை நொறுங்கிவிட்டது. நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் இருந்த ரிப்பேர் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். போனைப் பிரித்துக்கொண்டே, "சாயங்காலமானா உங்க வூட்ல இருந்து வயலின் சத்தம் கேக்குங்க மேடம். அந்த நேரம் மட்டும் நான் கடையில பாட்டு போடறதில்லீங்க" என்றார்.

பேச்சுவாக்கில் தெரிந்தது, அவர் பெங்களூரில் ஒரு ராக் இசைக்குழுவில் பல வருடங்கள் எலக்ட்ரிக் கிட்டார் வாசித்தவர் என்று. குழு கலைந்ததும் ஊருக்குத் திரும்பிவிட்டாராம். போனைத் தரும்போது, தயங்கித் தயங்கி டிராயரிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பாட்டு எதுவும் இல்லாமல், நான்கு வயலின்கள் மட்டும் சேர்ந்து வாசிப்பதற்காக அவரே அமைத்த ஓர் இசை அதில் இருந்தது. கர்நாடக சங்கீதக்காரியான எனக்குப் புரிய வேண்டும் என்று, ஸ்வரம் எழுதும் முறையை இணையத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டு, நாலு பேருக்கும் தனித்தனியாக எழுதி வைத்திருந்தார்.

"இத வயலின்ல ஒரே ஒரு தடவ கேட்டுட்டா போதுங்க."

மரியாதைக்காகத்தான் வாங்கிக்கொண்டேன். மேடையில் காது கிழிய வாசித்தவருக்கு இதெல்லாம் எங்கே வரும் என்ற எண்ணம் எனக்கு. வீட்டில் முதல் பக்கத்தை வாசித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடித்தந்தியில் ஒரு சின்னத் துண்டு விடாமல் திரும்பத் திரும்ப வர, அதன் மேல் இன்னொரு வயலின் அவசரமே இல்லாமல் விரிந்துகொண்டு போயிற்று. கிட்டார்க்காரரின் துடிப்பும் இருந்தது, ஒரு பெரிய ஆலாபனையின் நிதானமும் இருந்தது.

என்னிடம் அப்போது படித்தவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். தர்மபுரியில் ஒரு பள்ளியின் இசை விழாவில் வாசிக்க எங்களுக்கு அழைப்பு வந்திருந்தது. இதையே வாசிப்போம் என்று முடிவு செய்து, மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு பயிற்சியைத் தொடங்கினேன்.

காந்தாரம் என்கிற 'க' ஸ்வரத்தில் இரண்டு வகை உண்டு. நடுவில் ஓர் இடத்தில் இரண்டு வயலின் தாழ்ந்த காந்தாரத்தையும், மற்ற இரண்டு அதைவிட அரைப்படி உயர்ந்த காந்தாரத்தையும் ஒரே நேரத்தில் நீளமாகப் பிடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. வாசித்தால் பல் கூசியது. நர்ஸாக வேலை பார்த்த மாணவி, "எங்க கை தப்பாங்க மேடம்?" என்று கேட்டார்.

"கை சரியாத்தான் இருக்கு. எழுதினதுதான் தப்பு" என்று சொல்லி, பென்சிலால் நாலு பேருக்கும் ஒரே காந்தாரமாக மாற்றிவிட்டேன். எழுதியவரின் கடை இரண்டு நிமிட நடை. கேட்டுவிட்டு வந்திருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை.

விழாவில் நல்ல கைதட்டல். மைக்கைப் பிடித்து, "இதை எழுதியவர் ராக் இசையிலிருந்து வந்தவர். அங்கங்கே இருந்த பிழைகளை மட்டும் நான் சரிசெய்தேன்" என்று வேறு சொன்னேன். நான் அழைத்ததால் வந்திருந்த அவரும் மனைவியும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் கலையும்போது கிட்டே வந்து கைகூப்பினார்.

"ரொம்ப நல்லா வாசிச்சீங்க மேடம். ஆனா அந்த ரெண்டு காந்தாரமும் ஒண்ணோட ஒண்ணு உரசணுமுங்க. அந்த உரசலுக்காகத்தான் மீதியையே எழுதுனேன்."

குரலில் கோபம் துளிகூட இல்லை. பக்கத்தில் நின்ற அவர் மனைவி மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, மாணவர்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு அவர் கடைக்கே போனேன். "எழுதினபடி வாசிக்கிறோம், கேளுங்க" என்றேன். கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தோம். போன் ரிப்பேருக்கு வந்திருந்த லாரி டிரைவர் ஒருவர் எங்களை விநோதமாகப் பார்த்தபடி நின்றார்.

அந்த இடம் வந்தது. இரண்டு காந்தாரங்களும் உரசின. கையிலிருந்த வில் வழியாக அந்த அதிர்வு என் தோள்வரை ஏறியது. தாங்க முடியாது என்று தோன்றிய நொடியில் நான்கு வயலின்களும் நகர்ந்து 'ப' ஸ்வரமான ஒரே பஞ்சமத்தில் போய்ச் சேர்ந்தன. அந்தப் பஞ்சமத்தை நான் எத்தனையோ ஆயிரம் முறை வாசித்திருக்கிறேன். அது அவ்வளவு பெரிய ஆறுதல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் மாற்றி வைத்த வடிவத்தில் ஆறுதலுக்குத் தேவையே இருக்கவில்லை.

முடித்துவிட்டுப் பார்த்தேன். அவர் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தார். "இதாங்க" என்றார். அவ்வளவுதான். லாரி டிரைவர், "இன்னொருக்கா வாசிங்கம்மா" என்று கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டோம். மறுபடி வாசித்தோம்.

அடுத்த வருடமே அவர் கடையைக் காலிசெய்துவிட்டு மகளோடு இருக்க ஓசூருக்குப் போய்விட்டார். நோட்டை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். நானும் அதன் பிறகு எத்தனையோ மேடைகளில் வாசித்துவிட்டேன். ஆனாலும் லாரி ஹாரன்களுக்கு நடுவே வாசித்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் மனசு அடிக்கடி ஓடுகிறது. இப்போதெல்லாம் வகுப்பில் யாராவது தவறாக வாசிப்பதுபோல் பட்டால், திருத்த வாயெடுப்பதற்கு முன் ஒரு நொடி நின்று, "வேணும்னேதான் அப்படி வாசிச்சீங்களா?" என்று கேட்டுவிடுகிறேன்.