கோணல் முக்கோணம்

நட்சத்திரம் என்றால் எனக்கு மூன்று கறுப்புப் புள்ளிகள். நிஜாம் காலத்தில், ஹைதராபாத்தில் வானத்தைப் படம் பிடித்து வைக்கும் ஒரு கூடத்தில் கண்ணாடித் தகடுகளைக் கழுவும் வேலை பார்த்தேன். ஒரே தகட்டில் மூன்று முறை, இம்மி இம்மியாக நகர்த்திப் படம் எடுப்பார்கள். ஒவ்வொரு நட்சத்திரமும் சின்ன முக்கோணமாக விழும். தூசி அப்படி விழாது. அவற்றை அளந்து எழுதியவர் மாரெட்பள்ளியிலிருந்து சைக்கிளில் வரும் தமிழர். மெஷர் சார் என்போம்.

நான்காம் வகுப்போடு நின்ற நான், அதற்கு முன் செகந்திராபாத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் இருந்தேன். வயதான மாப்பிள்ளைகளின் நரைமுடி நெகடிவில் கறுப்பாக விழும்; அதைக் கத்தி முனையால் சுரண்டினால் படத்தில் முடி கறுப்பாகிவிடும். அந்தக் கை இங்கேயும் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள், காய்ந்த தகட்டை லென்ஸில் பார்த்தபோது ஒரு முக்கோணம் மட்டும் கோணலாக இருந்தது. நான் சரியாகக் கழுவாததால் விழுந்த கறை என்று பயந்தேன். யாரிடமும் கேட்கக் கூச்சம். சுரண்டிவிட்டேன்.

வேறொரு குறைக்காக அதே இடத்தை ஐந்து நாள் கழித்து மறுபடி எடுத்தார்கள். அதில் மெஷர் சார் ஒரு கோணல் முக்கோணத்தைக் கண்டார். அது நட்சத்திரமல்ல, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றும் ஒரு கல், படம் எடுக்கும்போதே நகர்ந்திருக்கிறது என்று என்னிடம் சொன்னார். எந்தப் பட்டியலிலும் இல்லாத கல். அன்று அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை. ஒரு தகடு போதாது, இன்னொன்றிலும் காட்டுங்கள் என்றார் டைரக்டர். அதற்குள் மழைக்காலம் வானத்தை மூடிவிட்டது. மிச்சம் இருந்தது நான் சுரண்டிய முதல் தகடுதான்.

அதை அவர் கருவியில் வைத்துத் தேடும்போது வாசலில் நின்றிருந்தேன். கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"இங்க யாரோ சுரண்டியிருக்காங்க. நீயாப்பா?"

"தெரியலீங்க சார்."

என் பழைய ஸ்டூடியோ வேலை தெரிந்த அவர் கருவியிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, "வானத்துக்கும் நரை எடுத்துட்டியா" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேகம் விலகியபோது கல் எங்கே போயிருக்கும் என்று ஒரே தகட்டை வைத்துக் கணக்கிட வழியில்லை. சுரண்டிய இடத்தைக் குறிப்பேட்டில் 'கறை' என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஓய்வு பெற்றபின் அவர் அதிக நாள் இருக்கவில்லை. அதற்குள் உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று இரண்டு முறை மாரெட்பள்ளிக்குப் போனேன். இரண்டு முறையும் தெருமுனையோடு திரும்பிவிட்டேன். கல் இப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அது இருப்பது நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் போய்விட்டார். எனக்கு அது எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது.