தலை தீபாவளிக்குக் கிளம்பிய வேன்

ஐம்பதுகளின் கடைசியில் நான் சர்க்கார் பிரச்சார வேன் ஒன்றின் டிரைவர். துறையூர், பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சாயங்காலம் திரை கட்டி, நெல் நடவு, அம்மை குத்துதல் பற்றியெல்லாம் படம் காட்டுவோம். வண்டிக்குள்ளேயே கட்டில், பம்ப் ஸ்டவ், தண்ணீர் டிரம். வாரக்கணக்கில் அதுதான் வீடு. "உனக்கென்னப்பா, வீட்டையே உருட்டிக்கிட்டுப் போற ராஜா" என்று சிநேகிதர்கள் கேலி செய்வார்கள். ராஜாவாம், ராஜா! படம் முடிந்து ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போய், ஆபரேட்டரும் ஊர்ச் சாவடிக்குப் படுக்கப் போய்விட்டால், பேச்சுத் துணைக்கு ஒரு ஈ காக்கை இருக்காது. ஸ்டவ்வைத் திட்டிக்கொண்டே சோறு பொங்குவேன். யாரையாவது திட்ட வேண்டுமே.

அந்த வருஷம் ஆவணியில் எனக்குக் கல்யாணம். பெண் ஸ்ரீரங்கம். மறு வாரமே டூர் போட்டுவிட்டார்கள். ஐப்பசி வரைக்கும் அவளோடு நான் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. அதனால் தலை தீபாவளியைத்தான் நம்பியிருந்தேன். விடியுமுன் மாமனார் வீட்டு முற்றத்தில் இருவரையும் மணையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, மாமியார் தலைக்கு எண்ணெய் வைப்பார். அதற்கப்புறம் அவளுக்கு நான் அந்நியனாக இருக்க மாட்டேன் என்று எனக்கு ஓர் அசட்டு நம்பிக்கை.

முந்தின நாள் படம் ஓட்டும் ஆபரேட்டரைத் துறையூரில் அவர் வீட்டில் இறக்கிவிட்டு, தனியாகக் கிளம்பினேன். பேய்மழை. வழியில் தரைப்பாலத்தின் மேல் காட்டாறு புரண்டு ஓடியது.

"தண்ணி வடியாம இறங்கிடாதீங்க, வண்டியோட இழுத்துட்டுப் போயிடும்" என்றார் கரையில் நின்றவர்.

அங்கேயே வண்டியை நிறுத்தி, மழையை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

விடிந்தும் தண்ணீர் வடியவில்லை. தூரத்து ஊரில் வெடிச் சத்தம் கேட்டது. நல்ல நாளும் அதுவுமாக எண்ணெய் படாத தலையோடு மாமனார் வீட்டு வாசலில் போய் நிற்பது அபசகுனம். என்னை அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். தாளிக்க வைத்திருந்த நல்லெண்ணெயைக் காய்ச்சி, என் தலையில் நானே வைத்துக்கொண்டேன். டிரம் தண்ணீரை மொண்டு ஊற்றிக் குளித்தேன். அழுகை வந்தது. கேட்க ஆளில்லாததால் சத்தமாகவே அழுதேன்.

பிற்பகலில்தான் வழி விட்டது. கொள்ளிடம் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்தபோது தெருவெல்லாம் வெடிக் காகிதம்.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க!" என்று மாமனார் ஓடிவந்தார்.

முற்றத்தில் இரண்டு மணைகள் போட்டபடியே கிடந்தன. பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம், சீயக்காய். என் மனைவி பழைய புடவையில், வாராத தலையோடு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"காலையிலேர்ந்து சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன், அவர் வந்தாத்தான் குளிப்பேன்னுட்டா. பச்சைத் தண்ணி பல்லுல படலை" என்றார் மாமியார்.

அவள் முகம் மலர எழுந்தாள். அவள் பார்வை என் தலைக்குப் போனது. அவசரக் குளியலில் எண்ணெய் சரியாகப் போகாமல் நெற்றியில் மினுங்கியது.

"குளிச்சுட்டீங்களா?"

"வழியில ஆத்துல தண்ணி... நானேதான் வெச்சுக்கிட்டேன். இப்ப இன்னொரு தரம் வெச்சுக்கறேனே."

"ஐயையோ, ஒரே நாள்ல ரெண்டு தடவை கூடாது மாப்பிள்ளை" என்றார் மாமியார்.

"பரவாயில்லைங்க" என்றாள் அவள். ஒரு மணையை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். மற்றதில் தனியாக உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள்.