மீட்டர் இல்லாத சட்டம்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் நியூ ஜெர்சியில் ஒரு மின்சார நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ஊரில் மின்துறைச் சீர்திருத்தச் சட்டம் எழுதிக்கொண்டிருந்த அதிகாரி ஒருவர் என்னிடம் யோசனை கேட்டார். விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் தொடரட்டும், ஆனால் எவ்வளவு செலவாகிறது என்று தெரிய பம்பு செட்டுகளில் மீட்டராவது பொருத்துங்கள் என்று ஒரு பிரிவை எழுதிக் கொடுத்தேன். வார இறுதிகளெல்லாம் அதிலேயே போயின.

சட்டம் நிறைவேறிய பிறகு அவர் அரசுப் பயணமாக அமெரிக்கா வந்தார். எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன்.

"அந்த மீட்டர் செக்‌ஷன் என்ன ஆச்சு சார்?"

"எடுத்துட்டோம் சார். மீட்டர் வந்தா பின்னாடியே பில் வரும்னு விவசாயிங்க பயந்துட்டாங்க. எலெக்‌ஷன் வேற வருது. மினிஸ்டர் அந்த செக்‌ஷனை அடிச்சுடச் சொன்னார். நான்தான் அடிச்சேன்."

"அப்ப என்னதான் மிச்சம்?"

"கட்டணத்தை அரசாங்கம் தலையிடாம முடிவு பண்ண ஒரு தனி கமிஷன் இருக்கு. மீட்டரையே பிடிச்சுட்டு நின்னிருந்தா அதுவும் வந்திருக்காது."

அது நியாயமா, வெறும் சமாதானமா என்று எனக்குத் தெரியவில்லை. கோபப்படவும் தெம்பில்லை. அவருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

பிறகு ஏர்போர்ட்டுக்கு அழைத்துப் போனேன். ஃப்ரீவேயில் ஏறியதுமே அவர் தூங்கிவிட்டார். டெர்மினல் வரும்வரை அவரை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.